சென்டரைக் குடுத்துட்டு ஸ்கோரரை வாங்கலாமா? வாசகர் கேள்வி, நம்ம பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல பாஸ்கெட்பால், அதுலயும் முக்கால்வாசி ட்ரேட் (ரெண்டு டீம் ஆட்டக்காரங்களை மாத்திக்கறது) பத்திதான். அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளியாச்சு, கோவிச்சுக்காதீங்க. புதுசா படிக்கறவங்களுக்கு: சென்டர்னா ரிங்குக்குப் பக்கத்துல ஆடற உயரமான ஆள், கார்டுன்னா வெளிய பந்தைக் கையில வச்சு ஆடற ஆள், ரீபவுண்டுன்னா உள்ள போகாத பந்தைப் பிடிக்கறது, பிளாக்னா எதிராளி ஷாட்டைக் கையால தடுக்கறது.

கேள்வி: சார், நான் என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) விடாம பாக்கறவன். எங்க டீம் சென்டர் மேட்சுக்கு 12 பாயின்ட், 11 ரீபவுண்டு, 2 பிளாக். வயசு 27. அவரைக் குடுத்துட்டு 26 பாயின்ட் அடிக்கற ஒரு கார்டை வாங்கியே ஆகணும்னு என் தம்பி ஒத்தக் கால்ல நிக்கறான். "26 பெருசா 12 பெருசா?"ன்னு கேக்கறான், என்ன சொல்றதுன்னு தெரியல. பண்ணலாமா வேண்டாமா?

பதில்: நீங்க குடுத்த தகவலை மட்டும் வச்சு சொல்லணும்னா, வேண்டாம்.

தம்பி கேட்ட கேள்வியிலயே கணக்கு உதைக்குது. ஒரு என்பிஏ டீம் ஒரு மேட்ச்ல சுமாரா 90 ஷாட் போடும், யார் வந்தாலும் யார் போனாலும் அது பெருசா மாறாது. புதுசா வர்றவரு 20, 22 ஷாட் எடுத்துக்கிட்டாருன்னா அது ஏற்கனவே உங்க டீம்ல வேற யாரோ போட்டுக்கிட்டிருந்த ஷாட்தான், அவரு வானத்துலேர்ந்து கொண்டு வர்றது இல்ல. அதனால உங்களுக்குக் கிடைக்கறது 26 கிடையாது, அந்த 22 ஷாட்டை முன்னாடி போட்டவங்க எத்தனை பாயின்ட் எடுத்தாங்க, இவரு எத்தனை எடுக்கறாரு, அந்த வித்தியாசம் மட்டும்தான். அது 4 பாயின்ட்டா இருக்கலாம், 2ஆ இருக்கலாம், சில ஸ்டார்கள் விஷயத்துல மைனஸ்லயும் போகும். ஆனா சென்டர் போனா அவரு செஞ்ச வேலையை எடுத்துக்க பின்னாடி யாரும் க்யூவுல நிக்கறது இல்ல.

அது என்ன வேலைன்னு தம்பி கேப்பான். ஒரே ஒரு பொசஷனை (பந்து ஒரு டீம் கையில இருக்கற ஒரு வாட்டி) எடுத்துக்கோங்க. உங்க கார்டு ரிங்குக்கு எதிர்ல தூரமா பந்தோட நிக்கறாரு, சென்டர் ஓடி வந்து டிஃபெண்டர் போற வழியில அசையாம நின்னு ஸ்கிரீன் போடறாரு, டிஃபெண்டர் அதுல போய் இடிச்சு அரை செகண்டு லேட்டாகறான், அந்த அரை செகண்டுல கார்டு உள்ள புகுந்துடறாரு, சென்டர் அப்படியே திரும்பி ரிங்கைப் பாத்து ஓடறாரு, ஐயையோ எகிறி பந்தை ரிங்குக்குள்ள திணிச்சு டங்க் போட்ருவானேன்னு கார்னர்ல காவல் நின்னவன் பதறி உள்ள வர்றான், பந்து கார்னருக்குப் பறக்குது, தூரக் கோட்டுக்கு வெளியேர்ந்து போட்டதால மூணு பாயின்ட். ஸ்கோர்ஷீட்ல கார்னர்ல நின்னவருக்கு 3, கார்டுக்கு ஒரு அசிஸ்ட் (ஸ்கோருக்கு வழி பண்ண பாஸ்). சென்டர் பேருக்கு நேரா ஒண்ணும் இல்ல, பந்தையே தொடல மனுஷன், ஆனா டிஃபென்ஸைக் கலைச்சு விட்டது அவருதான்.

டிஃபென்ஸ்லயும் இதே கதைதான். 2 பிளாக்னு போட்டிருக்கீங்க, அது கண்ணுக்குத் தெரியற 2. எதிராளி வேகமா உள்ள வந்து, நடுவுல உங்க ஆள் நிக்கறதைப் பாத்துட்டு, பிரேக் போட்டு பந்தை வெளிய திருப்பி விடறான் பாருங்க, அது ஒரு மேட்ச்ல எத்தனை தடவை நடக்குதுன்னு அடுத்த தடவை எண்ணிப் பாருங்க. அதுக்கெல்லாம் பாயின்ட் கிடையாது, ஹைலைட்ஸும் கிடையாது.

தம்பி இன்னும் நம்பலன்னா 2012 மார்ச் கதையைச் சொல்லுங்க, அதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடைக்காது. மில்வாக்கி பக்ஸ்கிட்ட ஆண்ட்ரூ போகட்னு ஒரு சென்டர். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ்கிட்ட மான்டா எல்லிஸ், அந்த சீசன் மேட்சுக்கு கிட்டத்தட்ட 22 பாயின்ட், ரசிகர்களோட செல்லப்பிள்ளை. ரெண்டு டீமும் மாத்திக்கிட்டாங்க (கூட வேற சிலரும் போனாங்க வந்தாங்க, ஆனா விஷயம் இந்த ரெண்டு பேர்தான்). இதுல கூத்து என்னன்னா போகட்டுக்கு அப்ப கணுக்கால் உடைஞ்சு கிடந்துச்சு, அந்த சீசன் முழுக்க ஆட முடியாதுன்னு தெரிஞ்சேதான் வாரியர்ஸ் வாங்கினாங்க. வாரியர்ஸோட இன்னொரு கார்டு ஸ்டெஃபன் கரியும் அந்த வருஷம் கணுக்கால் பிரச்சினையில பாதி மேட்ச்கூட ஆடல. ஆக, ஆடிக்கிட்டிருந்த ஒரே ஸ்டாரை அனுப்பிட்டு கட்டு போட்ட சென்டரைக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு ஊரே கொதிச்சுது. சில நாள் கழிச்சு கிரிஸ் மல்லினோட ஜெர்சி நம்பரை கவுரவிக்கற விழா, டீம் ஓனர் ஜோ லேக்கப் மைக்கைப் பிடிச்சதும் அரங்கம் முழுக்க எதிர்ப்பா 'பூ'ன்னு கத்தி அவரைப் பேசவே விடல, பழைய ஸ்டார் ரிக் பேரி வந்து மைக்கை வாங்கி ரசிகர்களையே திட்ட வேண்டியதாப் போச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? எல்லிஸ் மில்வாக்கில பிராண்டன் ஜென்னிங்ஸோட ஜோடி சேந்தாரு. ரெண்டு பேருமே பந்து கையில இருந்தாதான் ஆட்டம் வரும்கற ரகம், ரெண்டு பேருமே உயரம் கம்மி. 2012-13 சீசன்ல எல்லிஸ் மேட்சுக்கு 19 பாயின்ட் அடிச்சாரு, அடிக்கலன்னு சொல்ல முடியாது, ஆனா மூணு பாயின்ட் ஷாட் 100 போட்டா 29கூட உள்ள போகல. டீம் 38 வெற்றி 44 தோல்வி. பிளேஆஃப்ல (சீசன் முடிஞ்சு நடக்கற நாக்-அவுட் சுற்று, முதல்ல நாலு மேட்ச் ஜெயிக்கறவங்களுக்கு சீரிஸ்) மியாமி ஹீட்கூட மோதறதுக்கு முன்னாடி "ஆறு மேட்ச்ல முடிச்சிருவோம்"னு ஜென்னிங்ஸ் சவால் வேற விட்டாரு, நாலு மேட்ச்ல முடிஞ்சுது, நாலும் மியாமிக்கு. அந்த கோடையிலேயே எல்லிஸும் கிளம்பிட்டாரு ஜென்னிங்ஸும் கிளம்பிட்டாரு. சென்டரும் போச்சு ஸ்கோரரும் போச்சு.

அந்தப் பக்கம் எல்லிஸ் போனதும் பந்து முழுசா கரி கைக்கு வந்துச்சு, க்ளே தாம்சனுக்கு இடம் கிடைச்சுது, போகட் குணமாகி வந்து பின்னாடி காவலுக்கு நின்னாரு. 2014-15ல அவரு அடிச்சது மேட்சுக்கு 6 பாயின்ட் சொச்சம்தான். அந்த டீம் 67 மேட்ச் ஜெயிச்சு, லீக்லயே பெஸ்ட் டிஃபென்ஸா இருந்து, சாம்பியன்ஷிப்பையும் தூக்கிட்டு போச்சு. 'பூ' சொன்னவங்கள்ல எத்தனை பேர் அந்த வெற்றி ஊர்வலத்துல நின்னு கை தட்டினாங்களோ.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன், இல்லன்னா தம்பி மடக்கிடுவான். அதே 2015 ஃபைனல்ஸ்ல வாரியர்ஸ் 2-1னு பின்தங்கினப்ப, கோச் ஸ்டீவ் கர் நாலாவது மேட்சுக்கு போகட்டை பெஞ்சுல உக்கார வச்சுட்டு ஆண்ட்ரே இகுடாலாவை இறக்கினாரு, வரிசையா மூணு மேட்ச் ஜெயிச்சாங்க, ஃபைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) பட்டமும் இகுடாலாவுக்கே போச்சு. ஆக சென்டர் இல்லாமலும் சில ராத்திரி ஜெயிக்கலாம். ஆனா அடுத்த வருஷம் ஃபைனல்ஸ்ல 3-1னு முன்னாடி இருந்தவங்க, அஞ்சாவது மேட்ச்ல போகட் முட்டில அடிபட்டு வெளிய போன பிறகு கப்பையே கோட்டை விட்டாங்க. அதுக்கு அது மட்டுமே காரணம் இல்ல, அவங்க டீம் ட்ரேமண்ட் கிரீன் சஸ்பெண்ட் ஆனதுலேர்ந்து பல காரணம் உண்டு, ஆனாலும் அதுவும் ஒண்ணு.

கேள்வி: சென்டர் அவ்வளவு முக்கியம்னா லேக்கர்ஸ் ஏன் ஆன்தனி டேவிஸைக் குடுத்து லூகா டான்சிச்சை வாங்கினாங்க? அவங்க என்ன முட்டாளா?

பதில்: முட்டாள் இல்ல, அந்த ட்ரேடை நூறு தடவை கேட்டாலும் நூறு தடவையும் பண்ணணும். காரணம் லூகா வெறும் ஸ்கோரர் இல்ல. 2023-24ல மேட்சுக்கு 33.9 பாயின்ட் அடிச்சு லீக்லயே முதல் இடம், கூடவே 10க்கு ஒட்டி அசிஸ்ட், அப்ப ஆடின டாலஸை ஃபைனல்ஸ் வரைக்கும் கூட்டிட்டு போனவரு, ட்ரேட் நடந்த 2025 பிப்ரவரில வயசு 25. டேவிஸுக்கு 31. நான் முதல் பதில்ல வேண்டாம்னது "26 பாயின்ட் அடிக்கற ஒருத்தரை". அந்த மாதிரி ஆட்கள் லீக்ல எப்பவும் பத்துப் பதினஞ்சு பேர் இருப்பாங்க. தன்னோட ஆடற நாலு பேரையும் நல்ல ஆட்டக்காரனாக் காட்டறவங்க அஞ்சு பேர் இருந்தா அதிகம். அந்த அஞ்சுல ஒருத்தர் சந்தைக்கு வந்தா சென்டர் என்ன, யாரை வேணா குடுங்க.

ஆனா அதுக்கு அப்புறம் நடந்ததையும் பாருங்க. டேவிஸ் போனதும் சென்டர் இடம் காலி. உடனே ஷார்லட் ஹார்னெட்ஸ்லேர்ந்து மார்க் வில்லியம்ஸை வாங்கினாங்க, மெடிக்கல் டெஸ்ட்ல திருப்தி இல்லன்னு அந்த ட்ரேடையே ரத்து பண்ணிட்டாங்க, அதுக்குள்ள ட்ரேட் கெடுவும் முடிஞ்சு போச்சு. பிளேஆஃப் முதல் ரவுண்டுல மினசோட்டா. லூகா, லெப்ரான், ரெண்டு பேரும் இருந்தும் 4-1ல வெளிய. கடைசி மேட்ச்ல மினசோட்டா 47 மூணு பாயின்ட் ஷாட் போட்டு 7 தான் உள்ள போச்சு, திரும்பப் படிங்க, 47க்கு 7, இப்படிப் போட்டா எந்த டீமும் தோக்கணும். ஆனா ரூடி கோபேர் உள்ள நின்னு 27 பாயின்ட், 24 ரீபவுண்டு எடுத்தாரு, அவரைத் தடுக்கற உயரத்துல நம்பி இறக்க லேக்கர்ஸ்கிட்ட ஆளே இல்ல, 103-96. அந்தக் கோடையில லேக்கர்ஸ் முதல் வேலையா டியாண்ட்ரே ஏட்டனைக் கொண்டு வந்தாங்க. ஆக ட்ரேட் சரி, அடுத்த சென்டர் கையில இல்லாமப் போனதுதான் அந்த சீசனுக்குக் கொள்ளி வச்சுது.

டாலஸ் கதை தனி. "டிஃபென்ஸ்தான் சாம்பியன்ஷிப் வாங்கித் தரும்"னு சொல்லி லூகாவை அனுப்பினாரு மேனேஜர் நிகோ ஹாரிசன். டேவிஸ் முதல் மேட்ச்ல அசத்தினாரு, அதே மேட்ச்ல அடிபட்டும் உக்காந்தாரு. 2025 நவம்பர்ல ஹாரிசனுக்கு வேலை போச்சு. சென்டர் முக்கியம்னு நான் சொன்னதை வச்சு யாராவது இந்தப் பக்கமா ட்ரேட் பண்ணினா அதுக்கு நான் பொறுப்பில்ல.

கேள்வி: ரீபவுண்டுதானே, யார் வேணா எகிறிப் பிடிக்கலாமே. அதுக்காக ஒரு ஏழடி ஆளுக்கு கோடி கோடியா கொட்டணுமா?

பதில்: 2010 ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச் கிடைச்சா முழுசா பாருங்க. லேக்கர்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும். ஆறாவது மேட்ச்ல பாஸ்டன் சென்டர் கென்ட்ரிக் பெர்கின்ஸ் முட்டியைத் திருகிக்கிட்டு வெளிய போயிட்டாரு. பெர்கின்ஸ் யாரு, மேட்சுக்கு 10 பாயின்ட், அவரு ஷாட் போடப் போறாருன்னா சொந்த ரசிகனே கண்ணை மூடிக்குவான். ஏழாவது மேட்ச்ல லேக்கர்ஸோட கோபி பிரயண்ட் 24 ஷாட் போட்டு 6 தான் போட்டாரு, டீம் மொத்தமும் 100க்கு 33கூட இல்ல, அவ்வளவு கேவலமான ஷூட்டிங். ஆனா லேக்கர்ஸ் தவறவிட்ட பந்தை தாங்களே திரும்ப எடுத்தது 23 தடவை. பாவ் கசால் மட்டும் 18 ரீபவுண்டு. 83-79, கப்பு லேக்கர்ஸுக்கு. பெர்கின்ஸ் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்னு பாஸ்டன்காரங்க இன்னிக்கும் புலம்புவாங்க. பெர்கின்ஸையும் சேத்து ஆரம்பத்துல இறங்கற அந்த அஞ்சு பேரும் முழுசா ஆடின எந்த பிளேஆஃப் சீரிஸையும் அவங்க தோத்ததில்ல, அதனால அந்தப் புலம்பலை சும்மா ஒதுக்கவும் முடியாது. அப்படிப்பட்ட ஆளை எட்டே மாசத்துல ஜெஃப் கிரீனுக்காக ஓக்லஹோமாவுக்கு ட்ரேட் பண்ணாங்க, அதோட அந்த செட்டு ஃபைனல்ஸ் பக்கமே திரும்பல.

இன்னொண்ணு, ரீபவுண்டை எகிறிப் பிடிக்கறவன் ஒருத்தன், எதிராளியை முதுகால தள்ளி நிறுத்தறவன் இன்னொருத்தன். ரசல் வெஸ்ட்புரூக்னு ஒரு கார்டு 2016-17ல மேட்சுக்கு 10க்கு மேல ரீபவுண்டு எடுத்தாரே, அப்ப பக்கத்துல அதே டீம் சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸ் என்ன பண்ணிட்டிருக்காருன்னு அந்த வீடியோவுல பாருங்க. பந்தைப் பாக்கவே மாட்டாரு, எதிராளியைக் கட்டிப்பிடிக்காத குறையா அடைச்சுக்கிட்டு நிப்பாரு.

கேள்வி: நேரா இதே மாதிரி, சென்டரைக் குடுத்து ஸ்கோரரை வாங்கி கப்பு அடிக்கப் பாத்தவங்க சமீபத்துல யாராவது?

பதில்: புரூக்ளின் நெட்ஸ். 2021 ஜனவரில ஜேம்ஸ் ஹார்டனுக்காக குடுத்த மூட்டையில ஜாரட் ஆலனும் இருந்தாரு, 22 வயசு சென்டர், கிளீவ்லண்டுக்குப் போனாரு. கூட கேரிஸ் லவர்ட், மூணு முதல் ரவுண்டு டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரங்களை வரிசைப்படி எடுக்கற உரிமை), நாலு வருஷத்துக்கு பிக் மாத்திக்கற உரிமை வேற. ஏற்கனவே இருந்த கெவின் டுராண்ட், கைரி இர்விங், கூட ஹார்டன்னு மூணு ஸ்கோரர், கேக்கவே பயமா இருந்துச்சு. மூணு பேரும் சேந்து ஆடினது பிளேஆஃபையும் சேத்து மொத்தமே 16 மேட்ச்.

நியாயமா சொல்லணும்னா அவங்க கவுந்ததுக்கு முதல் காரணம் காயம். மில்வாக்கியோட சீரிஸ்ல இர்விங் கணுக்கால் போச்சு, ஹார்டன் தொடைத் தசையைப் பிடிச்சுக்கிட்டே ஆடினாரு. ஏழாவது மேட்ச்ல டுராண்ட் தனியாளா 48 போட்டாரு, கடைசி செகண்டுல போட்ட ஷாட் மூணா இருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும், ஷூ நுனி கோட்டு மேல இருந்ததால ரெண்டாச்சு, ஓவர்டைம்ல தோத்தாங்க. அந்த ஷூ ஒரு சைஸ் சின்னதா இருந்திருந்தா நான் இந்தப் பதிலையே வேற மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்னு தம்பி கட்சிக்காரங்க சொல்லலாம், சொல்லட்டும்.

ஆனா ஹார்டன் அங்க தங்கினது 13 மாசம், 2022 பிப்ரவரில ஃபிலடெல்ஃபியாவுக்குக் கிளம்பிட்டாரு. அந்த மாசமே ஆல்-ஸ்டார் மேட்ச் (லீக்கோட ஸ்டார்கள் மட்டும் ஆடறது), இடம் கிளீவ்லண்டு. காயத்தால ஹார்டன் ஆடல, அவருக்கு பதிலா லீக் கூப்பிட்ட ஆள் யாரு தெரியுமா, ஜாரட் ஆலன்!

கேள்வி: சென்டர் சம்பந்தப்பட்ட ட்ரேட்லயே உலக மகா சொதப்பல் எது?

பதில்: 1980, கோல்டன் ஸ்டேட். ராபர்ட் பாரிஷையும் மூணாவது டிராஃப்ட் பிக்கையும் பாஸ்டனுக்குக் குடுத்துட்டு முதல் பிக்கையும் 13ஆவது பிக்கையும் வாங்கினாங்க. முதல் பிக்ல ஜோ பேரி கரோல்னு ஒரு சென்டரை எடுத்தாங்க, மோசமில்லாத ஆட்டக்காரர். பாஸ்டன் அந்த மூணாவது பிக்ல எடுத்தது கெவின் மெக்ஹேல். பாஸ்டன் ஸ்டார் லாரி பேர்டு பக்கத்துல பாரிஷ், மெக்ஹேல், ஒரே நாள் வியாபாரத்துல பத்து வருஷத்துக்கு டீம் ரெடி, மூணு சாம்பியன்ஷிப். பாரிஷ், மெக்ஹேல் ரெண்டு பேருமே ஹால் ஆஃப் ஃபேம் (பாஸ்கெட்பாலோட கவுரவப் பட்டியல்).

கேள்வி: பழம்பெரும் சென்டர் பில் ரசலையே ஒரு டீம் ட்ரேட் பண்ணிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

பதில்: நிஜம். 1956 டிராஃப்ட்ல செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ் அவரை ரெண்டாவதா எடுத்து, அப்படியே பாஸ்டனுக்குக் குடுத்துட்டாங்க. பதிலுக்கு வந்தது எட் மெக்காலி, கிளிஃப் ஹேகன். இதை எல்லாரும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, ஆனா ஹாக்ஸுக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கு. மெக்காலி நிரூபிச்ச ஸ்கோரர், சொந்த ஊரே செயின்ட் லூயிஸ், ஹேகனும் பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம் போனவரு. ஹாக்ஸ் ஸ்டார் பாப் பெட்டிட்டோட சேந்து 1958ல ரசலோட பாஸ்டனையே அடிச்சு கப்பு வாங்கினாங்க. அந்த சீரிஸ்ல ரசலுக்குக் கணுக்கால் அடிபட்டிருந்துச்சுங்கறது வேற விஷயம். இதே ரெண்டு டீமும் அஞ்சு வருஷத்துல நாலு தடவை ஃபைனல்ஸ்ல மோதினாங்க, மத்த மூணும் பாஸ்டனுக்கு. ரசல் 13 சீசன்ல 11 கப்பு. அவரோட சராசரி எவ்வளவு தெரியுமா, மேட்சுக்கு 15 பாயின்ட். உங்க தம்பி மாதிரி ஆளுங்க அன்னிக்கும் "15 பெருசா 26 பெருசா"ன்னு கேட்டிருப்பாங்க.

கேள்வி: இப்ப எல்லாரும் மூணு பாயின்ட்டே அடிக்கறாங்க. சென்டர்கள் காலம் முடிஞ்சுதா?

பதில்: முடிஞ்சுதுன்னு 2012லயே சொன்னாங்க, ஆல்-ஸ்டார் ஓட்டுச்சீட்டுலேர்ந்து சென்டர்கற இடத்தையே எடுத்துட்டாங்க அந்த வருஷம். அப்ப ஒரு டீம் மேட்சுக்கு 18, 20 மூணு பாயின்ட் ஷாட் போட்டுச்சு, 2024-25ல 37ஐத் தாண்டிடுச்சு, அது உண்மைதான். ஹூஸ்டன் 2020 பிப்ரவரில கிளின்ட் கபேலாவை அனுப்பிட்டு ஆறரை அடி பி.ஜே. டக்கரை சென்டரா நிறுத்தி ஒரு பரீட்சையே எழுதினாங்க, ரெண்டாவது ரவுண்டுல லேக்கர்ஸ்கிட்ட 4-1.

சரி, அப்புறம் எம்விபி யாரு வாங்கினா? 2021, 2022, 2024 நிகோலா யோகிச், 2023 ஜோயல் எம்பீட். ரெண்டு பேருமே சென்டர். யோகிச்சை 2014ல 41ஆவது பிக்ல எடுத்தாங்க, இன்னிக்கு டென்வர்ல பாயின்ட் கார்டு வேலை, பாஸ் குடுக்கற வேலை, ஸ்கோர் வேலை எல்லாம் அவருதான். 2025ல கப்பு வாங்கின ஓக்லஹோமா சிட்டி என்ன பண்ணாங்க, ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் மாதிரி ஸ்கோரர் இருக்காரு, செட் ஹோம்கிரன்னு ஏழடி ஆள் இருக்காரு, அதுக்கு மேலயும் ஐசையா ஹார்ட்டன்ஸ்டைன்னு இன்னொரு சென்டரை 2024 கோடையில காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. முடிஞ்சு போன சாமானுக்கா ஒருத்தன் ரெண்டாவது பீஸ் வாங்குவான்? முடிஞ்சது என்னன்னா, ரிங்குக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பந்து கேட்டு நிக்கற ஸ்டைல், அதுவும் கால் ஓடாதவங்களுக்கு.

கேள்வி: ஒரு ஸ்கோரர் நிஜமாவே நல்லவரா, சும்மா நம்பர் ஏத்தறவரான்னு வீட்ல உக்காந்தே எப்படிக் கண்டுபிடிக்கறது? எனக்குக் கணக்கு வராது.

பதில்: வகுத்தல் தெரிஞ்சா போதும். போட்ட ஷாட்டோட, ஃப்ரீத்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கற தடுப்பில்லாத ஷாட்) எண்ணிக்கையை 0.44ஆல பெருக்கிக் கூட்டுங்க, அதை ரெண்டால பெருக்குங்க, அடிச்ச பாயின்ட்டை அதால வகுங்க. ட்ரூ ஷூட்டிங்னு இதைச் சொல்றாங்க. ஒருத்தர் 22 ஷாட், 5 ஃப்ரீத்ரோ போட்டு 26 அடிச்சா 0.537 வரும். இன்னொருத்தர் அதே 26ஐ 17 ஷாட், 7 ஃப்ரீத்ரோல அடிச்சா 0.647. இப்ப லீக் சராசரி 0.57, 0.58 பக்கம். ஆக முதல் ஆள் சராசரிக்குக் கீழ, ரெண்டாவது ஆள் தங்கம், ஆனா டிவியில ரெண்டு பேருக்கும் "26 பாயின்ட்"னு ஒரே எழுத்துலதான் போடுவான். இதுல வேடிக்கை, 8 ஷாட், 3 ஃப்ரீத்ரோல 12 அடிக்கற சென்டருக்கும் 0.644 வருது. அதுக்காக அவருக்கு 22 ஷாட் குடுத்தா அதே ரேட்டுல போடுவாருன்னு நினைச்சுடாதீங்க, அவருக்குக் கிடைக்கறது பூரா மத்தவங்க உருவாக்கிக் குடுத்த டங்க்.

அதுக்கப்புறம் அவரு ஆடறப்ப டீம் எப்படி, பெஞ்சுல இருக்கறப்ப எப்படின்னு ஒரு நம்பர் இருக்கும். அதை ஒரு மேட்சுக்குப் பாக்காதீங்க, ஒரு சீசன் கணக்கே ஏறி இறங்கும், ரெண்டு மூணு சீசனா பாருங்க.

கேள்வி: ஆளுக்கு ஆள் அப்படியே மாத்திக்கலாமா, சம்பளம் வித்தியாசப்பட்டா?

பதில்: முடியாது. சம்பளம் ஓரளவுக்கு ஒத்துப்போகணும். ஸ்கோரர் சம்பளம் சென்டரோடதைவிட எப்படியும் பெருசா இருக்கும், அதை ஈடுகட்ட பெஞ்சுலேர்ந்து ரெண்டு பேரைச் சேத்து அனுப்பணும். லீக்கும் ஆட்டக்காரங்களும் போட்ட 2023 ஒப்பந்தப்படி சம்பளச் செலவுல முதல் ஏப்ரன்னு ஒரு கோடு, அதைத் தாண்டின டீம் அனுப்பறதைவிட ஒரு டாலர்கூட அதிகமா வாங்க முடியாது. ரெண்டாவது ஏப்ரனைத் தாண்டிட்டா ரெண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒருத்தரை வாங்கவும் தடை. முதல் ரவுண்டு பிக்கையும் அடுத்தடுத்த வருஷத்துக்கு மொத்தமா தூக்கிக் குடுக்க முடியாது, கிளீவ்லண்டு ஓனர் டெட் ஸ்டெபியன் 80கள்ல வாரி வழங்கினதைப் பாத்து பயந்து போட்ட ரூல், அவரு பேர்லயே ஸ்டெபியன் ரூல்னு ஓடுது. ட்ரேட் பத்திப் பேசறப்ப எல்லாரும் மறக்கறது இதுதான். போறது ஒரு சென்டர் இல்ல, சென்டரும் ரெண்டு பெஞ்சும் ரெண்டு பிக்கும்.

கேள்வி: நீங்க மேனேஜரா இருந்தா எப்ப "சரி"ன்னு சொல்லுவீங்க?

பதில்: வர்றவரு தானும் அடிச்சு மத்தவங்களையும் அடிக்க வைக்கற ஆளா இருந்தா யோசிக்கவே மாட்டேன். வெறும் ஸ்கோரர்னா, எங்க டீம்ல இப்ப பந்தைக் கையில வச்சு ஆட்டத்தை நடத்த ஒருத்தருமே இல்ல, கடைசி ரெண்டு நிமிஷம் வந்தா எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறோம்கற நிலைமை இருந்தா யோசிப்பேன், அதுவும் பெஞ்சுல 24, 25 நிமிஷம் தாங்கற ரெண்டாவது சென்டர் இருந்தா மட்டும். ஏற்கனவே அப்படி ஒரு கார்டு டீம்ல இருக்காருன்னா கதவையே சாத்திடுவேன், ஒரு பந்துக்கு ரெண்டு ராஜா வேண்டாம். சென்டருக்கு 33, 34 ஆகி முட்டி தேய்ஞ்சிருந்தா அது வேற பேச்சு, அப்ப வித்துடணும், பாசம் பாக்கக் கூடாது.

கேள்வி: தலைகீழா, சென்டரை வாங்கி ஜெயிச்சவங்க உண்டா?

பதில்: 2008 பிப்ரவரில லேக்கர்ஸ் பாவ் கசாலை வாங்கினாங்க, அந்த வருஷமே ஃபைனல்ஸ், அடுத்து 2009, 2010 ரெண்டு கப்பு. மினசோட்டா 2022ல கோபேருக்காக நாலு முதல் ரவுண்டு பிக்கும் ஆளுங்களும் குடுத்தப்ப சிரிக்காதவங்க இல்ல, ரெண்டாவது வருஷம் 56 மேட்ச் ஜெயிச்சு மேற்குப் பிரிவு ஃபைனல்ஸ் போனாங்க.

ஆனா என்னோட ஃபேவரிட் 1982 ஃபிலடெல்ஃபியா. ஜூலியஸ் எர்விங், ஆண்ட்ரூ டோனின்னு ஸ்கோரருக்குப் பஞ்சமே இல்ல, ஆனா வருஷா வருஷம் கடைசில வழுக்கி விழுந்துக்கிட்டிருந்தாங்க. ஹூஸ்டன்லேர்ந்து மோசஸ் மலோனைக் கொண்டு வந்தாங்க, பதிலுக்குப் போனது கால்டுவெல் ஜோன்ஸும் ஒரு முதல் ரவுண்டு பிக்கும். பிளேஆஃப் எப்படிப் போகும்னு கேட்டதுக்கு மலோன் சொன்னது மூணே வார்த்தை, "நாலு, நாலு, நாலு". அதாவது மூணு சீரிஸும் ஒரு மேட்ச்கூட தோக்காம முடிப்போம்னு. நடுவுல மில்வாக்கிகிட்ட ஒரே ஒரு மேட்ச் தோத்தாங்க, லேக்கர்ஸை 4-0னு துடைச்சு எடுத்தாங்க. சாம்பியன்ஷிப் மோதிரத்துல "நாலு, அஞ்சு, நாலு"ன்னு திருத்திப் பொறிச்சுக்கிட்டாங்க.